இரத்தம் உறையாமை நோய்: தாங்கி நிற்கும் பெண்களின் நிலை

சாரல் விழத் தொடங்கிவிட்டால் ஐந்தருவிக் கடைத்தெருவில் நமக்கு மூச்சு விடவும் நேரம் இருப்பதில்லை. மங்குஸ்தான், ரம்புட்டான் கூடைகளோடு பழக்கடைகள், சுடச்சுட நேந்திரம் சிப்ஸ் போடும் கடைகள், துண்டும் பனியனும் தொங்கும் கடைகள், எண்ணெய்க் குப்பியுடன் காத்திருக்கும் மாலிஷ்காரர்கள் என்று எங்கு பார்த்தாலும் கூட்டம்தான். ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதியை இந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் பார்த்தாக வேண்டும். சரக்கு எடுக்க நாம் தென்காசிக்குப் போய்விட்டால் கல்லாவில் இருப்பவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். விடிந்தது முதல் இரவு பத்து மணி வரை நின்றபடியே வியாபாரம் பார்க்கும் அவர்களுடைய உடல்நலம் நம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இந்த இதழில் வழக்கமாக வரி, உரிமம், எடை முத்திரை ஆகியவை பற்றித்தான் எழுதுகிறோம். இம்முறை வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். ஹீமோஃபிலியா எனப்படும் இரத்தம் உறையாமை நோய் ஆண் பிள்ளைகளுக்கு வருவது என்று உறுப்பினர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரும் உடன்பிறந்த சகோதரிகளும் என்ன பாடுபடுகிறார்கள் என்பதைக் கேட்டறிந்தவர்கள் மிகக் குறைவு.

நோய் எப்படிப்பட்டது?

நம் இரத்தத்தில் உறைவதற்கு உதவும் புரதங்கள் பல உள்ளன. அவற்றை உறைகாரணிகள் என்பார்கள். மருத்துவமனைகளில் ஃபேக்டர் என்றே சொல்வது வழக்கம். எட்டாவது ஃபேக்டர் குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ, ஒன்பதாவது குறைந்தால் ஹீமோஃபிலியா பி. ஆண் குழந்தைகளில் சுமார் 5,000க்கு ஒருவருக்கு ஏ வகை வருகிறது. பி வகை அதைவிட அரிது.

வெட்டுப்பட்டால் இரத்தம் குழாய் திறந்தது போலக் கொட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் நிற்பது இவர்களுக்கு நெடுநேரம் நிற்காது. வெளிக்காயத்தைவிட மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் கசியும் இரத்தமே அதிகத் துன்பம் தருவது. முழங்கால் பந்து போல வீங்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் மூட்டு தேய்ந்து கால் மடங்காமல் போகும்.

நம்மிடம் இருக்க வேண்டிய ஃபேக்டரைச் சரக்கு இருப்பு போலக் கணக்கிடலாம். சாதாரண மனிதருக்கு 50 முதல் 150 சதவீதம் வரை இருப்பு இருக்கும். 1 சதவீதத்திற்கும் கீழே போனால் கடுமையான நோய், 1 முதல் 5 வரை நடுத்தரம், 5 முதல் 40 வரை லேசானது என்று மருத்துவர்கள் பிரிக்கிறார்கள்.

இரண்டு பேரேடுகள்

இந்த ஃபேக்டரைத் தயாரிக்கும் குறிப்பு எக்ஸ் எனும் குரோமோசோமில் எழுதப்பட்டிருக்கிறது. ஆணிடம் ஒரு எக்ஸ் மட்டுமே உண்டு. பெண்ணிடம் இரண்டு. ஆணுக்கு ஒரே பேரேடு, பெண்ணுக்கு இரண்டு பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணின் ஒரே பேரேட்டில் பிழை இருந்தால் சரிபார்க்க வேறு ஏடு கிடையாது. நோய் வெளிப்பட்டுவிடும். பெண்ணின் ஒரு பேரேட்டில் பிழை இருந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். இப்படி ஒரு பிழையான ஏட்டை வைத்திருக்கும் பெண்ணைத்தான் ஆங்கில மருத்துவத்தில் கேரியர் என்கிறார்கள். தமிழில் சிலர் நோய்க்கடத்தி என்று எழுதுகிறார்கள். அது ஏதோ கள்ளச்சரக்கு கடத்தியவரைக் குறிப்பது போல ஒலிப்பதால், நோய்தாங்கி என்ற சொல்லையே நாம் இங்கு பயன்படுத்துகிறோம்.

நோய்தாங்கியான ஒரு தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மகளும் தாயைப் போலவே நோய்தாங்கியாக இருக்கவும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பையனுக்கு வந்துவிட்டது, அதனால் அடுத்தவனுக்கு வராது என்று கணக்குப் போடுவது தவறு. ஒவ்வொரு கர்ப்பமும் புதிதாகச் சுண்டும் நாணயம். பழைய நட்டம் அதில் கழிவதில்லை. தகப்பனுக்கு நோய் இருந்தால் கணக்கு வேறு. தாயிடம் பிழை இல்லாதவரை அவருடைய மகன்களுக்கு நோய் வராது. ஆனால் மகள்கள் அனைவரும் நோய்தாங்கிகளே.

விக்டோரியா ராணியின் தலை போட்ட வெள்ளி ரூபாயை நம் முன்னோர் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். அந்த ராணியே ஒரு நோய்தாங்கிதான். அவருடைய மகன் லியோபோல்டு 1884ஆம் ஆண்டு கால் தவறி விழுந்து இறந்தார். மகள்கள் இருவர் வழியாக நோய் மற்ற அரச குடும்பங்களுக்கும் சென்றது. ரஷ்ய இளவரசர் அலெக்ஸியும் அந்த வழியில் வந்தவரே. அது ஹீமோஃபிலியா பி என்பது 2009ஆம் ஆண்டு எலும்புகளில் செய்த மரபணுச் சோதனையில் உறுதியாயிற்று. ராணியின் முன்னோரில் எவருக்கும் இந்த நோய் இருந்ததாகத் தெரியவில்லை. இன்றும் சுமார் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பங்களில் முன்பு யாருக்கும் நோய் இருந்ததில்லை. பிழை அங்கே புதிதாக எழுதப்பட்டது. இதில் யாரைக் குற்றம் சொல்ல முடியும்?

‘தாங்குகிறாள், அவ்வளவுதான்’ என்ற தவறு

நோய்தாங்கிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, அவள் பிள்ளைக்குக் கொடுப்பவள் மட்டுமே என்று நெடுங்காலம் மருத்துவ நூல்களே கூறிவந்தன. அது சரியல்ல.

காரணத்தை விளக்குவோம். பெண்ணின் ஒவ்வொரு அணுவிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று மூடிவைக்கப்படுகிறது. இதை 1961ஆம் ஆண்டு மேரி லயன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் எடுத்துரைத்தார். எந்த அணுவில் எந்த ஏடு மூடப்படும் என்பது குலுக்கல் சீட்டு போன்றது. சரியான ஏடு பல இடங்களில் மூடப்பட்டுவிட்டால் ஃபேக்டர் இருப்பு இறங்கிவிடும். ஆகவே நோய்தாங்கிகளின் சராசரி இருப்பு 50 சதவீதம் என்றாலும், ஒருவருக்கு 90 இருக்கும், இன்னொருவருக்கு 20தான் இருக்கும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்கு இருப்பு குறைவாகவே உள்ளது. நெதர்லாந்தில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, 41 முதல் 60 சதவீதம் வரை இருப்புள்ள பெண்களுக்கும் மற்றவர்களைவிட அதிக இரத்தப்போக்கு இருப்பதைக் காட்டியது.

2021ஆம் ஆண்டு இரத்த உறைவு குறித்த சர்வதேச மருத்துவர் சங்கம் பெயரையே மாற்றியமைத்தது. 40 சதவீதத்திற்கும் கீழே இருப்புள்ள பெண்ணை வெறும் நோய்தாங்கி என்று சொல்லாமல், ஹீமோஃபிலியா உள்ள பெண் என்றே குறிக்க வேண்டும் என்று அது கூறியது. பெயர் மாறினால் என்ன லாபம் என்று கேட்கலாம். நோயாளி என்று பதிவானால்தான் மருந்தும் கிடைக்கும், மருத்துவர் கவனமும் கிடைக்கும். சரக்கு எந்தத் தலைப்பில் பதிவாகிறது என்பதால் எவ்வளவு மாறும் என்று வரி கட்டும் நமக்குச் சொல்லவும் வேண்டுமா?

ஓர் உதாரணக் குடும்பம்

அருவிக்கரையில் ஃபேன்சி கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஆறு வயது மகனுக்கு முழங்கால் வீங்கியது. சோதனையில் ஹீமோஃபிலியா ஏ என்று தெரிந்தது. எல்லாருடைய கவனமும் பையன் மேல் சென்றது. அது முறைதான்.

ஆனால் அந்தத் தாய்க்கு வயதுக்கு வந்த நாள் முதல் மாதவிலக்கு ஒன்பது பத்து நாட்கள் நீடித்து வந்தது. அவளுடைய அம்மாவுக்கும் அப்படியே. ‘நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்கெல்லாம் அப்படித்தான்’ என்று பேச்சை முடித்துவிட்டார்கள். பல் பிடுங்கியபோது மூன்று நாள் இரத்தம் கசிந்தது. பிரசவம் முடிந்து பத்தாம் நாள் மறுபடி போக்கு கண்டு இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. மூன்று சம்பவங்களையும் ஒரே நூலில் கோத்துப் பார்க்க ஒருவரும் இல்லை. சீசன் நேரத்தில் கடையில் நின்றால் தலை சுற்றுகிறது என்று அவள் சொன்னால், ‘சாப்பிடாமல் இருந்திருப்பாய்’ என்பதே பதில்.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. பாதிப்பேருக்கு மேல் இருப்பதால் அது இயல்பு என்றாகிவிடுகிறது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். மாத்திரை அவசியம்தான். ஆனால் சாக்கில் ஓட்டை இருக்கும்போது மேலிருந்து அரிசி கொட்டிக்கொண்டே இருந்தால் சாக்கு எப்போது நிறையும்?

இனி மனநிலையைப் பார்ப்போம். மகனுக்கு ஊசி போடும்போதெல்லாம், ‘என்னால்தானே இவனுக்கு இது’ என்று தாய் குமைகிறாள். மாமியார் வீட்டில் ஒரு சொல் விழுந்துவிட்டால் அது ஆயுள் முழுவதும் குத்தும். தங்கைக்கு வரன் தட்டிப்போகும் என்று பிறந்த வீட்டார் செய்தியை மூடி மறைப்பார்கள். அமெரிக்காவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்றில், ஹீமோஃபிலியா ஏ தாங்கிகள் வலி, பொதுவான உடல்நலம் ஆகிய இரண்டிலும் மற்றப் பெண்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். வாழ்க்கைத் தரம் என்று மருத்துவர்கள் அளப்பது இவற்றைத்தான்: வலியின்றி வேலை செய்ய முடிகிறதா, அச்சமின்றி வெளியே போக முடிகிறதா, குற்ற உணர்வின்றி உறங்க முடிகிறதா?

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

மாதவிலக்கு ஏழு நாட்களுக்கு மேல் நீடிப்பது. ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை துணி மாற்ற வேண்டியிருப்பது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் வெளியேறுவது. அடிபடாமலே உடலில் நீலத் திட்டுகள் தோன்றுவது. பல் பிடுங்கிய பிறகோ அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ இரத்தம் நிற்கத் தாமதிப்பது. பிரசவத்தின்போதும் அதன் பின்னரும் அளவுக்கு மீறிப் போவது. இவற்றில் ஏதேனும் இருந்து, தாய்மாமனுக்கோ சகோதரனுக்கோ மகனுக்கோ இந்த நோயும் இருந்தால் உடனே சோதித்துக்கொள்ள வேண்டும்.

சோதனை இரண்டு வகை. ஒன்று ஃபேக்டர் அளவு பார்ப்பது. சாதாரண உறைவுச் சோதனை சரியாக வந்தாலும் நோய்தாங்கி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. மற்றொன்று மரபணுச் சோதனை. முதலில் நோயுள்ள பையனின் இரத்தத்தில் எந்த இடத்தில் பிழை என்று கண்டுபிடித்துவிட்டால், வீட்டுப் பெண்களிடம் அதே இடத்தைத் தேடுவது எளிது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தச் சோதனை செய்கிறார்கள். ஹீமோஃபிலியா ஏ நோய்க்கு ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்து, அதன் விவரத்தை 2024 டிசம்பரில் உலகறிய வெளியிட்டதும் அந்த மருத்துவமனையே.

மருந்து உண்டு. மாதவிலக்குப் போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம், ஹார்மோன் மாத்திரைகள், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஆகியவை பயன்படுகின்றன. எட்டாவது ஃபேக்டரை உயர்த்த டெஸ்மோபிரஸின் என்ற மருந்து பலருக்கு உதவும். ஒன்பதாவதற்கு உதவாது. தேவையானால் ஃபேக்டர் ஊசியே போடுவார்கள். எதையும் மருத்துவர் சொல்லாமல் மருந்துக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது. நம்மில் மருந்துக் கடை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். இவர்களுக்கு வலி நிவாரணியாக ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கொடுக்கலாகாது. பாரசிட்டமால் கொடுக்கலாம்.

அதிகப் போக்கு என்றதுமே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று அவசரப்படுகிறவர்கள் உண்டு. ஃபேக்டர் அளவு பார்க்காமல் கத்தி வைத்தால் அதுவே ஆபத்தாகலாம். எந்த அறுவைச் சிகிச்சைக்கு முன்பும், பல் பிடுங்குவதற்கு முன்பும், குடும்பத்தில் உள்ள நோயைச் சொல்லிவிடுங்கள்.

பிரசவமும் திருமணமும்

கர்ப்ப காலத்தில் எட்டாவது ஃபேக்டர் தானாகவே ஏறும். பிரசவம் முடிந்த பின் பழைய நிலைக்கு இறங்கிவிடும். ஆபத்து அந்த இறக்கத்தில்தான். வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் விழிப்பாக இருக்க வேண்டும். ஒன்பதாவது ஃபேக்டரோ கர்ப்பத்தில் அவ்வளவாக ஏறுவதில்லை. குழந்தைக்கும் நோய் இருக்கக்கூடும் என்பதால் ஆயுதம் வைத்தோ, உறிஞ்சு கருவி வைத்தோ பிரசவம் பார்ப்பதை மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். ஆகவே முதல் செக்கப்பிலேயே செய்தியைச் சொல்லிவிட வேண்டும். இரத்த வங்கியும் ஃபேக்டரும் உள்ள பெரிய மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதே நல்லது.

நம் பக்கத்தில் சொந்தத்தில் பெண் எடுப்பது வழக்கம். சொத்து வெளியே போகாது, பெண்ணும் கண்ணெதிரே இருப்பாள் என்பது பெரியோர் கணக்கு. சொந்தத்தில் கட்டுவதால் ஹீமோஃபிலியா உண்டாவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயுள்ள தாய்மாமன் தன் அக்காள் மகளை மணக்கும்போது, அந்தப் பெண்ணும் நோய்தாங்கியாக இருக்கக்கூடும். அப்படியானால் அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகளுக்கும் இரண்டு ஏடுகளிலும் பிழை சேர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பெண்ணுக்கே முழு நோயும் இப்படி வரலாம். பேச்சு எடுக்கும் முன்பே சோதித்துக்கொள்வது இரு வீட்டாருக்கும் மரியாதை. மறைத்துச் செய்யும் கல்யாணம் மறைத்துக் கட்டிய சரக்கு போல. பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் சண்டை தொடங்கும்.

அருவிக்கரையில் ஒரு எச்சரிக்கை

குற்றாலம் என்றாலே எண்ணெய்க் குளியலும் மாலிஷும்தான் நினைவுக்கு வரும். பையனுக்கு முழங்கால் வீங்கினால், ‘சுளுக்கு, எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகும்’ என்று நம்மிலேயே பலர் சொல்வோம். உள்ளே இரத்தம் கசியும் மூட்டை உருவிவிட்டால் கசிவு இன்னும் பெருகும். இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் வீக்கம் கண்டால் உருவக் கூடாது. அசையாமல் இருத்தி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, இறுகாத கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாசி படிந்த பாறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கலாகாது.

தென்காசியில் மாவட்டத் தலைமை மருத்துவமனை உள்ளது. பெரிய சிகிச்சைக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறோம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மூலம் ஃபேக்டர் ஊசி இலவசமாக வழங்கப்படுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஹீமோஃபிலியாவையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது.

நாம் செய்யக்கூடியவை

உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பை 1963ஆம் ஆண்டு தொடங்கியவர் ஃபிராங்க் ஷ்னாபெல். கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தவர். கடுமையான ஹீமோஃபிலியாவோடு பிறந்தவர். தொழிலால் அவர் நம்மைப் போன்ற ஒரு வணிகர் என்பதில் நமக்குப் பெருமை. அவர் பிறந்த ஏப்ரல் 17ஐத்தான் 1989 முதல் உலக ஹீமோஃபிலியா நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். 2025ஆம் ஆண்டு அந்த நாளுக்குரிய பொருளாகப் பெண்களையும் சிறுமியரையுமே எடுத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் 1983 முதல் இந்திய ஹீமோஃபிலியா கூட்டமைப்பு இயங்கி வருகிறது.

நாம் கூட்டமைப்பு தொடங்க வேண்டியதில்லை. கடையில் வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார ஒரு நாற்காலி போடுவோம். 2021இல் திருத்தப்பட்ட தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி அது நம் கடமையும்கூட. சீசன் கடைகளுக்கு அருகில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை கேட்டு மனுக் கொடுப்போம். இரத்ததான முகாமில் நம் பிள்ளைகளை முன்னே நிறுத்துவோம். இத்தகைய பையன் உள்ள குடும்பம் நடுராத்திரியில் வண்டி கேட்டால் வாடகை பேசாமல் அனுப்புவோம்.

இன்னொன்றுக்குச் செலவே இல்லை. இன்றிரவு கடையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும், ‘உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேளுங்கள்.